கழிவு போடாத குதிரைகள்

ஏமாத்திட்டே. சுத்தி வளைச்சுப் பேச ஒண்ணுமில்லே, ஏமாத்திட்டே. பழைய இரும்பு வாங்குற எவனும் மண்ணுக்குக் கழிப்பான், துருவுக்குக் கழிப்பான், எண்ணெய்ப் பிசுக்குக்குக் கழிப்பான். நீ எஞ்சினோட குதிரைசக்தியை நிறுக்க உக்காந்துட்டு ஒத்தக் குதிரையைக் கழிக்கலே. முழுசா எழுதிட்டே. எழுதிட்டுக் கண்ணாடி ரூமுக்குள்ள ஏசியைப் போட்டுட்டு உக்காந்திருக்கிறே. பழனாத்தாள் இப்படி அந்த எடை குறிக்கிற அதிகாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள், வாயைத் திறக்காமல். ஹெல்மெட்டுக்குள் உதடு வறண்டு ஒட்டிக்கிடந்தது. கோயம்புத்தூருக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வளைந்து கிடக்கும் அந்தப் பந்தயச் சாலையின் எடைமேடையில் அவளுடைய வண்டி நின்றது. வண்டிக்குள் அவள். பின்னால் டிக்கியில் தொண்ணூறு கிலோ ஈயம். பந்தயத்துக்கு முன்னால் எல்லா வண்டியும் இந்த இரும்புத் தகட்டில் ஏறி எடை காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஓட்டுகிறவர் இறங்கிக்கொள்வார், சிவப்பு எழுத்தில் எண் விழும், குறித்துக்கொள்வார்கள், அடுத்த வண்டி. அவள் ஏறினாள், எஞ்சினை அணைத்தாள், சாவியை உருவிப் பந்தய உடுப்புக்குள் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். இறங்கவில்லை. பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் முப்பது வருசமாக லாரிக்காரன் ஹாரனைக் கேட்டு வளர்ந்த காது இது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தாள். "மேடம், கொஞ்சம் இறங்கிட்டீங்கன்னா..." "இறங்க மாட்டேன் கண்ணு." "நீங்க உள்ள இருந்தா எடை தப்பாக் காட்டும் மேடம்." "அது நேத்துல இருந்தே தப்பாத்தான் காட்டுது. உங்க பெரிய ஆளை வரச் சொல்லு."

எடை தப்பாக் காட்டும். அந்தப் பெண் போன பிறகும் அந்தச் சொல் ஹெல்மெட்டுக்குள் ஈ மாதிரி சுற்றியது. உள்ள இருந்தா தப்பு, இறங்கினாச் சரி. இதை அவளுக்குச் சொல்லித்தர இன்னொருத்தி பிறந்து வரவேண்டும். அப்பன் லாரியில் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு பீளமேட்டுப் பவுண்டரிக்குப் போவார். லோடோடு எடை போடும்போது அவள் கேபினுக்குள் சாக்குக்கு அடியில் சுருண்டு கிடப்பாள். இரும்பை இறக்கிவிட்டு வெறும் லாரியை எடை போட வரும்போது அதற்கு முன்பே இறங்கித் தண்ணித்தொட்டி பக்கம் நின்றுகொள்வாள். ரெண்டு எடைக்கும் நடுவில் அவள் இரும்பாகிவிடுவாள். "எம்புள்ள முப்பது கிலோ கெட்டி இரும்பு" என்று அப்பன் சிரிப்பார், அவளுக்குப் பெருமையாக இருக்கும், வேறு எதற்காகவும் அவர் அவளைக் கெட்டி என்று சொன்னதில்லை. சாக்கில் கிரீஸ் நாறும். மூச்சை அடக்கவேண்டும், எடைமேடை ஆடக்கூடாது. ஒருநாள் சாக்கின் கிழிசல் வழியாக ஒரு கண் அவளைப் பார்த்தது. எடைமேடைக்காரர். நரைத்த மீசை, காதில் பென்சில். அவள் கண்ணும் அவர் கண்ணும் நேருக்கு நேர். பிடித்து இழுக்கப்போகிறார், அப்பனை அடிக்கப்போகிறார்கள் என்று இன்னும் இறுகச் சுருண்டாள். அவர் திரும்பிப் போய் முப்பது கிலோவைக் கழித்து எழுதினார். அப்பன் எகிறினார், "ஏனுங், போட்ட எடையில குறையுதுங்களே!" அவர் நிமிராமலே, "மண்ணுக்குக் கழிவு" என்றார். அப்பன் போய் லாரியில் ஏறிக்கொண்டார். அந்த ஆளுக்கு எண்ணைப் பார்க்கத் தெரியும், எண்ணுக்குள்ளே என்ன ஒளிந்துகொண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்கவும் தெரியும். நீ குனிஞ்சியா? நேத்து என் வண்டியோட பானட்டைத் திறக்கச் சொன்னியா? போனைத்தான் குனிஞ்சு பாத்தே.

கண்ணாடி அறையின் திரை லேசாக விலகி மூடியது. பாக்குறே. பாரு. இரும்புக் கூரைமேல் வெயில் விழுந்து வண்டிக்குள் சூடு இறங்கியது, உடுப்புக்குள் முதுகெலும்பு வழியாக வேர்வை ஓடியது, பழைய சீட்டின் தேங்காய்நார் வாசம் எழுந்தது. உக்கடத்தில் இந்த வண்டிக்குப் பெயர் எருமை. அமெரிக்காக்காரன் வண்டி, எட்டு சிலிண்டர், மூக்கு மட்டும் ஒரு ஆள் நீளம். மூடிப்போன பஞ்சாலையின் குடோனில் பருத்தித் தூசுக்கு அடியில் கிடந்தது. முதலாளியின் பேரன் கிலோக் கணக்கில்தான் விற்றான், இரும்பு இரும்பாக. அதிலும் அவள் டயருக்குக் கழித்தாள், சீட்டுக்குக் கழித்தாள், உள்ளே கூடு கட்டியிருந்த எலிக்குக்கூடக் கழித்தாள், அவன் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தான். அறுக்கத்தான் கொண்டுவந்தாள். கேஸ் கட்டரில் நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் ஷாஜகான் பாய், "அக்கா, ஒரு பாட்டரி வச்சுப் பாத்துட்டு அறுங்க, செத்தது செத்துச்சான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். வைத்தார்கள். அது ஒரே ஒரு தடவை இருமியது. பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்து, மேலே உட்கார்ந்திருந்த காக்கா அத்தனையும் பறந்துபோயின. அவள் கட்டரை அணைத்தாள். இந்த வயசில் இது என்ன வேலை என்று ஊரே கேட்டது. பதினெட்டு வயசில் லாரி ஓட்டியபோதும் அதையேதான் கேட்டார்கள், வயசை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

எருமை நேர்ச்சாலையில் எருமை இல்லை. அங்கே அது வேறு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூக்கு எழும்பும், பின்சக்கரம் தரையைப் பிறாண்டும், முதுகை யாரோ காலால் உதைத்த மாதிரி சீட் அடிக்கும், முன்னால் போகிற சின்ன வண்டிகளெல்லாம் பின்னால் வருகிற சின்ன வண்டிகளாகிவிடும். பொள்ளாச்சிப் பல் டாக்டர் நிரஞ்சன் எருமையில் பாதிக்குக் கொஞ்சம் கூட எடையுள்ள ஒரு ஜப்பான் வண்டியை வைத்திருக்கிறார், நேர்ச்சாலையில் அவரை விழுங்கிவிடுவாள். வளைவு வந்ததும் கக்கிவிடுவாள். அவர் ஓணான் மாதிரி சரக்கென்று திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார், இவள் இந்த மலையைக் கெஞ்சி, மிரட்டி, ஸ்டீயரிங்கை அள்ளி அள்ளித் திருப்பவேண்டும். ரெண்டு வருசம் ஓட்டிய பிறகுதான் அவளுக்கு அது பிடிபட்டது. குதிரைக்குத் தெரிந்தது இழுக்கிறது ஒன்றுதான். நிறுத்துகிற நேரத்தில் குதிரை வராது. திருப்புகிற நேரத்தில் குதிரை வராது. கூட இருக்கிற ஒவ்வொரு கிலோவும் மூணு தடவை கூலி கேட்கும், கிளம்ப ஒரு தடவை, நிற்க ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. குதிரை கொடுப்பது முதல் கூலியை மட்டும், மீதி ரெண்டையும் டயரும் பிரேக்கும் கொடுக்கவேண்டும், அதுவும் இல்லாவிட்டால் ஓட்டுகிறவள் உடம்பு கொடுக்கவேண்டும். இது தெரிந்துதான் ரெண்டு மழைக்காலம் அவளும் பாயும் எருமையிலிருந்து கிலோ கிலோவாகப் பிடுங்கினார்கள். பின்சீட்டு போனது, ஹீட்டர் போனது, இரும்பு பம்பர் போய் அலுமினியம் வந்தது, கதவுக்குள்ளிருந்த கண்ணாடி இறக்குகிற பல்சக்கரம் போனது. வாழ்நாள் முழுக்க எடை ஏறினால் சிரித்தவள், முதன்முதலாக எடை இறங்கினால் சிரிக்கப் பழகினாள். அத்தனையும் பிடுங்கினேன். நீ ஒரே பேனாவால தொண்ணூறு கிலோவைத் திருப்பி ஏத்திட்டே.

எப்படி ஏற்றினான் என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள், எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில்தான் போய் மாட்டியது. இந்தப் பந்தயத்தில் ஒரு விதி. வண்டியின் ஒவ்வொரு குதிரையும் ஐந்து கிலோவாவது சுமக்கவேண்டும். அதற்குக் கீழே எடை நின்றால் ஈயம் வைத்து நிரப்பவேண்டும். நியாயமான விதிதான், அவள் குறை சொல்லமாட்டாள். எத்தனை குதிரை என்று பார்க்கப் பக்கத்துக் கொட்டகையில் உருளை இருக்கிறது. வண்டியின் சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி ஓடவிட்டால் சக்கரத்துக்கு நிஜமாக வந்து சேர்கிற குதிரையை அது காட்டிவிடும். மற்ற எல்லோரையும் அதில்தான் ஏற்றினான். எருமையை மட்டும், "ரொம்பப் பழசு, உருளையிலே ஏத்தினா ஏதாவது ஆயிடும், கம்பெனி போட்ட கணக்கையே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டி அந்தக் காலத்து விளம்பரத்தை எடுத்தான். முந்நூற்று இருபது குதிரை. அந்தக் காலத்து விளம்பரம்! எஞ்சினைத் தனியாகக் கழற்றிக் கட்டைமேல் வைத்து, விசிறி கிடையாது, டைனமோ கிடையாது, சைலன்ஸர் கிடையாது, கியர்பாக்ஸ் கிடையாது, சக்கரமே கிடையாது, அப்படி ஓடவிட்டு அளந்த குதிரை. அம்மணமாக நிறுத்தி எடுத்த எண். லாரியோடு சேர்த்து நிறுத்துவிட்டு லாரி எடையையும் இரும்பு என்று எழுதுகிற கணக்கு. விசிறி சுற்ற நாலு குதிரை போகும், கியருக்குள்ளே கொஞ்சம் சாகும், பின் அச்சில் கொஞ்சம், இத்தனை வருசத் தேய்மானத்தில் கொஞ்சம்; சாலைக்கு வந்து சேர்வது இருநூற்று முப்பது இருந்தால் அதுவே பெரிது என்று பாய் அடித்துச் சொல்கிறார். இருநூற்று முப்பதுக்கு ஈயமே தேவையில்லை. அதற்கு ஆயிரத்து நூற்றைம்பது கிலோ போதும், எருமை ஏற்கெனவே ஆயிரத்து ஐந்நூறுக்கு மேலே. வராத குதிரைக்கெல்லாம் சுமை ஏத்தி என் முதுகுல கட்டிட்டே.

அப்புறம் அந்த இடம். மாட்டுகிற இடம். அவன் முந்நூற்று இருபது என்று சத்தமாகப் படித்தபோது சுற்றி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். டாக்டர்கூடப் புருவத்தை உயர்த்தினார். "முந்நூத்தி இருபதா! எருமைக்கா!" யாரோ பின்னாலிருந்து கை தட்டினார்கள். அவளுக்குக் காதுமடல் சூடாகி, முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து ஒருத்தன் சொன்ன முதல் எண்ணை அவள் அப்படியே ஒத்துக்கொண்டது கிடையாது. வெங்காயம் வாங்கினாலும் கிடையாது, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதும் கிடையாது. அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள். எம்புள்ள கெட்டி இரும்பு. அதே பெருமைதான். பாய் விலாவில் இடித்தார், "அக்கா, இது காகிதக் குதிரை, பேசுங்க." அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். அவன் கால்குலேட்டரைத் தட்டி ஈயம் என்று சொன்ன பிறகுதான் சுரீரென்றது, அப்போது அவன் எழுதி முடித்திருந்தான். சரி, நான் பல்லைக் காட்டிட்டு நின்னேன். அதுக்காக? சாக்குக்குள்ள இருந்த புள்ளைக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. நிறுக்குறவன் வேலை, நிறுக்க வந்தவ மூஞ்சியைப் பாக்குறதில்லே. நான் சிரிச்சா நீ கழிக்கக்கூடாதா? என் வாயில் நான் மண்ணைப் போட்டுக்கிட்டேன்னே வை, அந்த மண்ணையும் கழிக்கிறதுதானே உன் வேலை?

"அக்கா." பாய் வந்துவிட்டார். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் தலைக்கு மேலே ஒரு அட்டை. "வெந்துடுவீங்க உள்ளே. இறங்கி நிழல்ல நின்னு சண்டை போடுங்களேன், சண்டை எங்கயும் ஓடிடாது." "இறங்கினா வண்டியைத் தள்ளிட்டுப் போயிடுவாங்க பாய்." "கியர்ல போட்டிருக்கீங்கல்ல?" "போட்டிருக்கேன்." "கை பிரேக்கு?" "அது எப்பப் புடிச்சுது." பாய் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலை இறக்கி, "நேத்து வண்டி சுத்தி நின்னதுக்கு டயர் சில்லுன்னு இருந்ததுதான் காரணம்னு சொன்னீங்களே, அது மெய்தானா?" என்றார். அவள் தண்ணீரை வாங்கி ஹெல்மெட் இடுக்கு வழியாக ஊற்றிக்கொண்டாள், பாதி கழுத்தில் ஓடியது. பாய் அட்டையை ஜன்னலுக்கு வெயில் மறைப்பாக வைத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

டயர் சில்லென்று இல்லை. நேற்று ஒத்திகையில் முதல் நாலு சுற்று பிரேக் பிடித்தது, ஐந்தாவதில் பெடல் பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது. நேர்ச்சாலையின் முடிவு, டயர் அடுக்கிய சுவர், சுவருக்குப் பின்னால் தென்னை, தென்னையில் ஒரு மட்டை காய்ந்து தொங்கியதுவரை தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில். கியரை இறக்கினாள், ஸ்டீயரிங்கைத் திருப்பினாள், மூக்கு திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. டிக்கிக்குள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த மாதிரி. முன்பக்கத் தரை ஒட்டுப்போட்டது, போல்ட் தாங்காது, டிக்கியில் வை என்று சொன்னவனும் நீதான். பின் அச்சுக்கும் பின்னால தொங்குற கனம், ஒரு தடவை வெளியே வீச ஆரம்பிச்சா வீசி முடிச்சுட்டுத்தான் நிக்கும்னு உனக்குத் தெரியாதா? வீசியது. வானம், புல், தென்னை, வானம். நின்றபோது வண்டி வந்த திசையையே பார்த்து நின்றது, புகைக்குள்ளிருந்து டாக்டரின் சின்ன வண்டி நேராக அவள் முகத்துக்கு வந்தது. அவர் விலக்கிக்கொண்டு போனார். ஒரு கை இடைவெளி. எஞ்சின் அணைந்திருந்தது. அந்த அமைதியில் டிக்கியில் முனகல் மாதிரி ஒன்று கேட்டது, ஈயக்கட்டி போல்ட்டில் உரசுகிற சத்தம்தான், அவளுக்குத் தெரியும், ஆனாலும் சாக்குக்குள்ளே மூச்சடக்கிக் கிடந்த ஒருத்தி மூச்சை விட்ட மாதிரி இருந்தது. முப்பது முப்பதாக மூணு பேர். மூணு சின்னப் பழனாத்தாக்கள் டிக்கியில் ஒன்றாகச் சுருண்டு, ஆடாமல் அசையாமல், யாரோ எழுதிய பொய்யை மெய்யாக்கிக்கொண்டு. சாவியைத் திருப்பி எஞ்சினை மறுபடியும் கிளப்பினாள். இன்றைக்கு ஒத்திகை இல்லை, பதினைந்து சுற்று, சுற்றிலும் வண்டிகள். இந்த ஈயத்தோடு போனால் நாலு சுற்று பிரேக் இருக்கும். போகாமல் விலகிக்கொண்டால், பயந்து ஓடினாள் என்று உக்கடம் முழுக்கப் பேசும், அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிடலாம், ஆனால் அவன் எழுதிய முந்நூற்று இருபது அப்படியே நிற்கும், அடுத்த பந்தயத்திலும் நிற்கும், ஒருநாள் அவளைக் கொல்லும்வரை நிற்கும். அதனால்தான் இந்தத் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். போகவும் மாட்டாள், விலகவும் மாட்டாள். ஏறுடி என்றால் ஏறி, இறங்குடி என்றால் இறங்கின காலம் போய்விட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது. எல்லா வண்டிகளும் வரிசைக்கு வரவேண்டும் என்றது. ஒரு வண்டியும் வர முடியாது, எடைமேடையை எருமை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அதில் ஒரு குஷி. ஹாரன்கள் ஓய்ந்துவிட்டன, இப்போது மனிதர்கள் வந்தார்கள். முதலில் டாக்டர். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை. "அக்கா, எனக்கு சாயங்காலம் ரெண்டு பேருக்குப் பல்லு எடுக்கணும்." "எடுங்க. நானா வேண்டாம்னேன்?" "நீங்க இறங்கினாத்தானே நான் போக முடியும்?" "டாக்டரே, நேத்து உங்க மூஞ்சிக்கு நேரா நின்னேனே, அப்ப என்ன நெனச்சீங்க?" அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பொண்ணு மூஞ்சி வந்துச்சு" என்றார், "எம் பொண்ணு மூஞ்சி." அப்புறம் டாக்டர் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிக் கையைக் குவித்துக் கத்தினார். "சார்! அந்த வண்டியை உருளையில ஏத்திப் பாத்துடுங்க! இத்தனை நாளா நேர்ச்சாலையில நான் எத்தனை குதிரைகிட்டத் தோத்தேன்னு எனக்கும் தெரியணும்!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "குறைச்சலா வந்தா உங்க மானம் போயிடும் டாக்டர்" என்றார் பாய். "மானம் போனாப் பரவால்லே பாய், பல்லு போனாக் கட்டிக்கலாம், தலை போனா என்கிட்ட மருந்து இல்லே."

குறைவாகத்தான் வரும். அதுவும் அவளுக்குத் தெரியும். உருளையில் ஏற்றினால் எல்லோர் முன்னாலும் முந்நூற்று இருபது உதிர்ந்து இருநூற்றுச் சில்லறையாக விழும், நேற்று விசில் அடித்தவர்கள் இன்றைக்கு உதட்டைப் பிதுக்குவார்கள், உக்கடத்தில் ரெண்டு மாசத்துக்கு இதுதான் பேச்சு. விழும். விழட்டும். என் எண் எனக்குப் போதும். கெட்டி இரும்புன்னு பேர் வாங்கச் சாக்குக்குள்ள படுத்தது போதும். இருக்கிற குதிரைக்கு இருக்கிற எடை, அதுக்கு மேல ஒரு கிராம் நான் சுமக்க மாட்டேன், அதுக்குக் கீழ ஒரு கிராம் நீ குறைக்கவும் வேண்டாம்.

கதவு திறந்தது. கண்ணாடி அறையிலிருந்து அவன் வந்தான். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அட்டை, வெளியே வந்ததும் வெயிலில் கண்ணைச் சுருக்கினான். இவ்வளவு நேரம் மனசுக்குள்ளே சண்டை போட்டதில் அவன் பனை உயரத்துக்கு வளர்ந்திருந்தான். நேரில் பார்த்தால் அவள் வயசுதான், தோள் கொஞ்சம் சரிந்த ஆள், செருப்புப் போடாமல் ஓடிவந்திருந்தான், தார் சுட்டுக் கால் மாற்றிக் கால் வைத்தான். "அம்மா, எல்லாரும் காத்திருக்காங்க, முதல்ல இறங்குங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சூடு தாங்காமல் எடைமேடை விளிம்பில் ஒரு காலை ஊன்றினான். சிவப்பு எண் துள்ளி ஏறியது. ஆயிரத்து அறுநூற்று எழுபத்து நாலில் நின்றிருந்த எண், ஆயிரத்து எழுநூறைத் தாண்டி ஓடியது. பழனாத்தாள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த எண்ணைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"காலை எடுங்க" என்றாள். "உங்க எடையையும் என் கணக்குல ஏத்தாதீங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் எண்ணைத் திரும்பிப் பார்த்தான். காலை எடுத்தான். எண் இறங்கியது. அவன் மறுபடியும் எண்ணைப் பார்த்தான், இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பார்த்தான், பார்த்துவிட்டு மெல்லக் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான், ஏதோ அங்கே ஒளிந்திருக்கிற மாதிரி. அவன் கண் அவள் கண்ணுக்கு நேராக வந்தது. அவள் மூச்சை அடக்கவில்லை.

"பாத்தியா?" என்றாள், மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த நீ இப்போது வாய்க்கு வந்துவிட்டது. "ஒரு காலுக்கே எத்தனை ஏறுதுன்னு பாத்தியா? இதைத்தான் நேத்தே பாத்திருக்கணும். விளம்பரத்தைப் பாக்காதே, என் வண்டியைப் பாரு. பாய்கிட்ட ஸ்பேனர் இருக்குது. டிக்கியைத் திறந்து நீ வச்ச ஈயத்தை நீயே உன் கையால எடு. எடுத்துட்டு எருமையை உருளையில ஏத்து. எத்தனை விழுதோ விழட்டும், எல்லாரும் பாக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கிருந்து அசைய மாட்டேன், நீயும் அந்த ரூமுக்குத் திரும்பிப் போகக்கூடாது. வா. வந்து கழிச்சு எழுது."